உத்யம் பதிவுத் தளம்: சிறு உற்பத்தியாளர் ஒருவரின் மதிப்பீடு

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களைப் பதிவு செய்து சான்றிதழ் தருவதற்காக மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் நடத்திவரும் உத்யம் பதிவுத் தளத்தை, ஈரோட்டில் மசாலாப் பொடி அரைத்துப் பொட்டலமிட்டு விற்கும் ஒரு சிறு தொழிலின் உரிமையாளன் என்ற முறையில் நான் பயன்படுத்தி வருகிறேன். வங்கியில் கடன் கேட்டாலும், ஆடிட்டரிடம் கணக்கு கொடுத்தாலும், பெரிய கம்பெனிக்குச் சரக்கு அனுப்பினாலும் "உத்யம் இருக்கிறதா?" என்ற கேள்வி முதலில் வந்துவிடுகிற காலம் இது. சிறு தொழில்கள் மீதுள்ள அரசுக் கட்டுப்பாடுகளின் சுமையைக் குறைக்கும் முயற்சிக்கு எடுத்துக்காட்டாகவும் இந்தத் தளத்தையே காட்டுகிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சிறு தொழில்காரர் அரசோடு வைத்துக்கொள்ள வேண்டிய தொடர்புகள் அனைத்திலும் மிகக் குறைந்த தொல்லை தருவது இந்தப் பதிவுதான், ஆனால் மற்றத் தொடர்புகளில் இருக்கும் தொல்லையில் ஒரு குன்றிமணி அளவைக்கூட அது குறைக்கவில்லை.

இந்தப் பதிவு எவ்வளவு எளிதாகியிருக்கிறது என்பது, முன்பிருந்த முறையை அறிந்தவர்களுக்கே நன்றாக விளங்கும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் வந்த பிறகு, தொழில் தொடங்குவதற்கு முன் ஒரு மனுவும், உற்பத்தி தொடங்கிய பின் இன்னொரு மனுவும் மாவட்டத் தொழில் மையத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. டி.ஐ.சி. என்று எல்லோரும் சொல்லும் அந்த அலுவலகத்துக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இன்றும் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் ஒரே பக்கப் படிவமாக உத்யோக் ஆதார் வந்தது. அதன் இடத்தில் 2020 ஜூலை 1 முதல் உத்யம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் இல்லை, இணைக்க வேண்டிய ஆவணம் ஒன்றுகூட இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலையும் இல்லை என்ற மூன்றும் ஒரே அரசு சேவையில் அமைவது அரிது, இங்கே அமைந்திருக்கிறது.

படிவம் ஆதார் எண்ணில் தொடங்குகிறது. தனி உரிமையாளர் என்றால் அவருடைய ஆதார், கூட்டாண்மை என்றால் நிர்வாகக் கூட்டாளியின் ஆதார், கம்பெனி என்றால் கையெழுத்திட அதிகாரம் பெற்றவரின் ஆதார். ஓ.டி.பி. சரிபார்ப்பு முடிந்ததும் பான் எண்ணைக் கேட்கிறது. அதன் பிறகு தொழிலின் பெயர், உற்பத்தி நடக்கும் இடங்கள், தொடங்கிய தேதி, வங்கிக் கணக்கு, வேலையாட்களில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, இயந்திர முதலீடு, ஆண்டு விற்றுமுதல் என்று வரிசையாகச் செல்கிறது. கையில் எல்லா விவரமும் இருந்தால் ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும் வேலை. வரைபடத்தில் நம் பட்டறை இருக்கும் இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டச் சொல்லும் பகுதியில் மட்டும், கைப்பேசியை விடக் கணினி வசதியாக இருக்கும்.

நின்று யோசிக்க வைப்பவை இரண்டு இடங்கள். முதலாவது, தேசியத் தொழில் வகைப்பாட்டு எண்ணைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு இலக்கம், நான்கு இலக்கம், ஐந்து இலக்கம் என்று படிப்படியாக இறங்கி, நாம் செய்யும் தொழிலுக்குரிய எண்ணைப் பிடிக்க வேண்டும். மசாலாப் பொருள்களை அரைப்பதும் பதப்படுத்துவதும் 10795 என்ற எண்ணில் இருக்கிறது. அப்பளத்துக்கு அடுத்த எண்ணான 10796. ஆனால் சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூளோடும் மல்லித் தூளோடும் சேராமல், முட்டைப் பொடியுடன் சேர்ந்து வேறொரு வரியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே இயந்திரத்தில் காலையில் மிளகாயும் மாலையில் சாம்பார்ப் பொடியும் அரைக்கும் என்னைப் போன்றவர்கள் இரண்டு எண்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒரு தொழிலுக்கு ஒரு பதிவுதான் என்றாலும், அதற்குள் எத்தனை தொழில் வகைகளை வேண்டுமானாலும் குறிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத வசதி. வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் சென்டர்காரர் அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டால், பிறகு மானியத் திட்டங்களுக்குப் போகும்போது அது வம்பாக வந்து நிற்கும்.

இரண்டாவது இடம் முதலீடு. நிலம், கட்டடம், மேசை நாற்காலி இவை கணக்கில் வராது. இயந்திரங்களும் உபகரணங்களும் மட்டுமே வரும். மாசுக் கட்டுப்பாட்டுக்கும் தொழிற்பாதுகாப்புக்கும் வாங்கியவற்றையும் கழித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தவர்களுக்குத் தேய்மானம் கழித்த மதிப்பு எடுத்துக்கொள்ளப்படுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள், கையிருப்பில் உள்ள பில்லில் ஜி.எஸ்.டி. நீக்கிய விலையைத் தாங்களே அறிவிக்கலாம். பழைய இயந்திரத்தை யாரிடமாவது வாங்கியிருந்தாலும் வாங்கிய விலையைப் போட்டுக்கொள்ளலாம். இந்தச் சலுகை முதல் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் நிதியாண்டின் மார்ச் 31 வரைதான். அதன் பிறகு தொகைகளை வருமான வரி, ஜி.எஸ்.டி. தரவுகளிலிருந்து தளமே எடுத்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டில்தான் உத்யத்தின் உண்மையான மதிப்பு இருப்பதாக நான் கருதுகிறேன். முதலில் நம் சொல்லை நம்புகிறது. பிறகு அரசிடமே ஏற்கெனவே இருக்கும் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறது. சான்றளித்த நகல், கெசட்டட் அதிகாரி கையெழுத்து, நேரில் வந்து பார்த்துவிட்டு எழுதும் அறிக்கை இவை எதுவும் நடுவில் இல்லை. பொய் சொன்னவரைப் பிடிக்க வழி இருக்கிறது. அதற்காக மெய் சொல்பவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தவில்லை. கட்டுப்பாட்டைக் குறைப்பது என்றால் விதிகளையே எடுத்துவிடுவது என்று சிலர் பேசுகிறார்கள். விதி இருக்கட்டும், அதைக் கடைப்பிடித்ததாக நிரூபிக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம்.

எளிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதை, எங்கள் தெருவில் அப்பளம் போடும் அக்கா ஒருவருக்குப் பதிவு செய்து கொடுத்தபோது கண்டேன். "தம்பி, ஆதார் இருக்குது, பான் இருக்குது, அப்புறம் என்ன?" என்றுதான் வந்து உட்கார்ந்தார். ஆதாரில் அவர் பெயருக்குப் பின்னால் தந்தையின் முதலெழுத்து ஒன்று இருந்தது. பான் அட்டையில் முதலெழுத்துக்கு இடமில்லை என்பதால், தந்தையின் முழுப் பெயரே அவருடைய குடும்பப் பெயர்போல் அச்சாகியிருந்தது. ஆதாரோடு இணைந்திருந்த கைப்பேசி எண்ணோ, மகன் படித்த காலத்தில் வாங்கிப் பிறகு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்ட எண். ஓ.டி.பி. எங்கே போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றி, அது பதிவாகும்வரை காத்திருந்து, பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுத்து பிசகாமல் அடித்த பிறகுதான் படிவம் நகர்ந்தது.

இது உத்யத்தின் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத தமிழர்களின் பெயர்களை முதற்பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்துக் கேட்கும் படிவங்கள் எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேரை அலைக்கழிக்கின்றன என்பதைக் கணக்கிட்டால், ஒழுங்குமுறைச் சுமையில் அதற்கென்று ஒரு தனிப் பங்கு ஒதுக்கலாம். "ஆவணமே வேண்டாம்" என்று அறிவிக்கும் சேவை, அந்த ஆவணங்கள் அனைத்தும் முன்பே ஒன்றோடொன்று பொருந்தி இருக்கின்றன என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. படித்த, நகரத்து, ஆடிட்டர் வைத்திருக்கும் தொழில்காரருக்கு அந்த அனுமானம் சரி. வீட்டுத் திண்ணையில் தொழில் நடத்தும் பெண்களுக்குப் பெரும்பாலும் சரிவருவதில்லை.

ஜி.எஸ்.டி. எண் இல்லாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஏப்ரல் முதல் உத்யம் பதிவுக்கு ஜி.எஸ்.டி. எண் கட்டாயம் என்று இருந்ததை, அந்த ஆண்டு மார்ச்சிலேயே திருத்தி, ஜி.எஸ்.டி. சட்டப்படி பதிவு தேவையில்லாதவர்களுக்கு விலக்கு அளித்தார்கள். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்பதால், இந்த விலக்கு வராமல் போயிருந்தால் ஒரு சுமையைக் குறைக்க வந்த பதிவே இன்னொரு சுமையைக் கொண்டுவந்திருக்கும். பிறகு 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் என்ற துணைத் தளம் வந்தது. ஜி.எஸ்.டி. வரம்புக்கு வெளியே இருக்கும் முறைசாராக் குறுந்தொழில்களை, வங்கி போன்ற அமைப்புகள் வழியாகப் பதிவு செய்ய அது உதவுகிறது. குறிப்பிட்ட துறைகளுக்கு வங்கிகள் கட்டாயம் ஒதுக்க வேண்டிய முன்னுரிமைக் கடன் கணக்கில் அந்தச் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்பளம் அக்கா போன்றவர்களுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். கடன் வாங்கிய வங்கியிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

எச்சரிக்கை ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. கூகுளில் உத்யம் என்று தேடினால், அரசுத் தளம்போலவே மூவண்ணமும் சிங்கத் தலையும் காட்டும் தனியார் பக்கங்கள் விளம்பரமாக மேலே வந்து நிற்கின்றன. படிவமும் ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும். கடைசியில் "பதிவுக் கட்டணம்" என்று ஆயிரத்தைத் தாண்டிய தொகை கேட்கும். எனக்குத் தெரிந்த டெய்லரிங் யூனிட்காரர் ஒருவர் அப்படிப் பணம் கட்டினார். சான்றிதழும் வந்தது, ஏனென்றால் அவர்கள் அவருடைய விவரத்தை எடுத்து இலவசத் தளத்தில் நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். அதோடு நில்லாமல், ஆண்டு முடிந்ததும் "புதுப்பிக்க வேண்டும்" என்று மறுபடியும் அழைப்பு வந்தது. உத்யத்துக்குப் புதுப்பித்தலே கிடையாது. அரசுத் தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. புள்ளி இன் என்று முடியும். தன்னையும் அரசின் ஒற்றைச் சாளர அமைப்புகளையும் தவிர வேறு எந்தத் தனியாருக்கும் இந்தப் பதிவைச் செய்ய அனுமதி இல்லை என்று தளமே அறிவித்திருக்கிறது. உதவி வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையத்தில் காசில்லாமல் செய்து தருகிறார்கள்.

சான்றிதழ் கைக்கு வந்த பின் என்ன ஆகும் என்பதுதான் பலரும் கேட்பது. கடனுக்குப் பிணையாகச் சொத்து வைக்க முடியாதவர்களுக்குக் கடன் உத்தரவாத அறக்கட்டளையின் காப்பு, அரசு டெண்டர்களில் முன்வைப்புத் தொகை விலக்கு, மத்திய அரசு நிறுவனங்களின் கொள்முதலில் குறு, சிறு தொழில்களுக்கு ஒதுக்கிய 25 சதவீதம், வணிகக் குறி விண்ணப்பத்துக்கு 9,000 ரூபாய்க்குப் பதில் 4,500 ரூபாய் என்று பட்டியல் நீளமானது. இவற்றில் எங்களைப் போன்றவர்கள் அன்றாடம் தொடுபவை சில மட்டுமே. எனக்குக் கடன் கொடுத்த வங்கிக் கிளையில், பிணையில்லாக் கடன் திட்டத்தைப் பற்றி நான் எடுத்துச் சொன்ன பிறகும் வீட்டுப் பத்திரத்தைத்தான் கேட்டார்கள். சான்றிதழ் உரிமையைக் கொடுக்கிறது. மேலாளரின் மனத்தை மாற்றும் சக்தி அதற்கு இல்லை.

உண்மையிலேயே கூர்மையான பயன் ஒன்று இருக்கிறது என்றால், அது பாக்கி வசூல். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்கள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி சேரும். புகாரை இணையத்தில் கொடுத்தால், அது இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநில வசதி மன்றத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் என நான்கு மன்றங்கள் இருக்கின்றன. இங்கே தேதி முக்கியம். பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்ற பொருளில் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025இல் வேறொரு வழக்கில் அந்தக் கேள்வியே பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது என்றாலும், அதை நம்பிக்கொண்டு இருக்காமல், முதல் பில் போடுவதற்கு முன் பதிவை முடித்துவிடுவதே புத்திசாலித்தனம்.

இந்தக் கூர்மையே சிலரைக் குத்தியும் இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்குச் சட்டம் விதித்த கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும்வரை அந்தத் தொகையைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்ற வருமான வரி விதி, 43பி(எச்) என்ற பெயரில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் பருத்தி, துணி வியாபாரம் மூன்று மாதக் கடனில் ஓடும் எங்கள் வட்டாரத்தில், "உத்யத்தை ரத்து செய்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் ஆர்டர் இல்லை" என்று வாங்குபவர்கள் பேசத் தொடங்கினார்கள். நான் சரக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பல்பொருள் அங்காடியும், பில்லில் உத்யம் எண்ணை அச்சிட வேண்டாம் என்று நயமாகக் கேட்டது. பேரம் பேசும் பலமில்லாதவனுக்குச் சட்டம் ஒரு தடியைக் கொடுத்தாலும், அடுத்த ஆர்டரும் அதே ஆளிடமிருந்துதான் வர வேண்டும் என்றால் தடி மூலையில்தான் கிடக்கும்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது வேறு. வாங்கி விற்கும் மொத்த, சில்லறை வணிகர்களை 2021 ஜூலையில் மீண்டும் உத்யத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது முன்னுரிமைக் கடன் மட்டுமே. பாக்கி வசூல் பாதுகாப்பு அவர்களுக்குப் பொருந்தாது. மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் "உத்யம் எடுத்தால் எல்லாம் கிடைக்கும்" என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்ப வேண்டாம்.

இனி, அந்தச் சான்றிதழுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மசாலாப் பொட்டலம் ஒன்று என் பட்டறையிலிருந்து வெளியே போவதற்கு, உணவுப் பாதுகாப்புத் துறையின் எண் வேண்டும். நான் முதலில் பதிவு செய்த காலத்தில், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாயில் அடிப்படைப் பதிவு கிடைத்தது, அதைத் தாண்டியதும் உரிமம் என்ற அடுத்த படி. பொட்டலத்தின் மேல் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பொட்டலமிட்ட மாதம், புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண் எல்லாம் எடையளவுச் சட்ட விதிகளின்படி இருக்க வேண்டும். பொட்டலமிடுபவர் என்ற முறையில் அதற்குத் தனிப் பதிவு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளரின் முத்திரை. உள்ளாட்சி அமைப்பில் தொழில் உரிமமும், அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும். பத்துப் பேர் வேலைக்குச் சேர்ந்ததும் ஈ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனதும் பி.எஃப். இவற்றோடு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல்.

இதில் எந்த விதியும் வீண் என்று நான் சொல்லவில்லை. மிளகாய்த் தூளில் நிறம் கலக்கிறவர்கள் இருக்கும் நாட்டில் உணவு ஆய்வாளர் வரத்தான் வேண்டும். தராசு சரியாக இருக்க வேண்டும் என்பதை மறுப்பவன் வியாபாரியே அல்லன். குறை வேறு இடத்தில் இருக்கிறது. உத்யம் என்னுடைய பெயர், பான், முகவரி, வங்கிக் கணக்கு, தொழில் வகை, வேலையாட்கள், விற்றுமுதல் அனைத்தையும் வாங்கிச் சரிபார்த்து வைத்திருக்கிறது. அதே அரசின் அடுத்த தளத்துக்குப் போனால், அதே முகவரியை மறுபடி அடித்து, அதே ஆதாரை வருடியெடுத்துப் பதிவேற்றி, வாடகை ஒப்பந்தத்தையும் கட்டட வரி ரசீதையும் இணைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கடவுச்சொல், தனி ஓ.டி.பி., தனியான கோப்பு அளவு வரம்பு. பட்டறையை அடுத்த தெருவுக்கு மாற்றினால், அந்த மாற்றத்தை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆட்சேபம் இல்லையென்றால் உத்யம் எண்ணைக் கொடுத்தாலே மற்ற விவரங்கள் தாமாக வந்து நிரம்பும்படி செய்வதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. அது நடக்கும்வரை, தாள் போய்த் திரை வந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டின் ஒற்றைச் சாளரத் தளம் இந்தக் குறையை ஓரளவு நிரப்ப முயல்கிறது. பல துறைகளின் அனுமதிகளுக்கு ஒரே வாசலில் விண்ணப்பிக்கலாம். 2018ஆம் ஆண்டின் தொழில் எளிமைப்படுத்தும் சட்டம் அதற்கு அடித்தளம். ஆயினும் அது முதன்மையாகப் புதிதாக ஆலை கட்டுபவர்களின் தேவைக்கு அமைந்தது: கட்டட அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, தீயணைப்புத் துறைச் சான்று, மின் இணைப்பு. வாடகைக் கட்டடத்தில் இரண்டு அரவை இயந்திரத்தோடு பத்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் தொழிலின் பிரச்சினை தொடங்குவது அல்ல; ஒவ்வொரு தேதியையும் தவறவிடாமல் தொடர்வது.

வரம்புகளைப் பற்றியும் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழில் என்பதன் உச்ச வரம்பை இயந்திர முதலீட்டில் ஒரு கோடியிலிருந்து இரண்டரைக் கோடியாகவும், விற்றுமுதலில் 5 கோடியிலிருந்து 10 கோடியாகவும் உயர்த்தினார்கள். வளர்ந்தால் சலுகை போய்விடும் என்ற பயத்தில் தொழிலை இரண்டாகப் பிரித்து நடத்தியவர்களுக்கு இது நிம்மதி; மேல் வகைக்கு உயர்ந்த பிறகும் மூன்று ஆண்டுகள் வரி சாராத சலுகைகள் தொடரும் என்ற 2022ஆம் ஆண்டு அறிவிப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் அடியில் இருப்பவர்களுக்கு இதனால் என்ன கிடைத்தது? ஒன்பது கோடி ரூபாய்க்கு விற்கும் ஆலையும், வெயிலில் அப்பளம் காயப்போடும் அக்காவும் இன்று ஒரே "குறு" என்ற சொல்லுக்குள் இருக்கிறார்கள். ஒதுக்கீடும் கடன் இலக்கும் அந்தச் சொல்லை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன என்னும்போது, வங்கிக்காரர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்பது தெரிந்த கதை. குறுந்தொழிலுக்குள்ளேயே மிகச் சிறியவர்களுக்கென்று ஒரு தனிப் படி வகுத்து, அவர்களுக்கு மற்றத் துறைகளின் படிவங்களையும் சேர்த்துக் குறைத்திருந்தால், அதைச் சுமைக் குறைப்பு என்று மனமாரச் சொல்லியிருப்பேன்.

பொதுவான போக்கு நல்ல திசையில்தான் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்திப் பல சிறு பிழைகளுக்கான சிறைத் தண்டனையை எடுத்தது அல்லது குறைத்தது. ஜி.எஸ்.டி.யில் 5 கோடி ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ளவர்கள் 2021 ஜனவரி முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யலாம். மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு உற்பத்தியாளர் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை, விற்றுமுதலில் ஒரு சதவீதத்தை மட்டும் கட்டும் இணக்க வரி முறையில் இருந்துகொள்ளலாம். இன்னொரு பக்கம், கிராம ஊராட்சிகளில் சிறு கடைகளுக்கும் தொழில் உரிமம் கட்டாயம் என்ற விதிகள் 2025இல் வந்தபோது, வணிகர்கள் எதிர்த்த பிறகே தமிழக அரசு அவற்றை நிறுத்திவைத்தது. ஒரு கை எடுப்பதை இன்னொரு கை சுமத்திக்கொண்டே இருந்தால், மொத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்க ஓர் அலுவலகமும் இல்லை.

பதிவு செய்ய நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆதாரில் உள்ள கைப்பேசி எண் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொழில் வகை எண்ணை நீங்களே உட்கார்ந்து தேடுங்கள். ஆங்கிலப் பட்டியல் என்பதால் படித்த பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் என்ன செய்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பொருள் உற்பத்தி செய்பவராக இருந்தால் வணிகம் என்ற கட்டத்தைத் தவறியும் தேர்ந்தெடுக்காதீர்கள். பாக்கி வசூல் உரிமை அந்த ஒரு கட்டத்தில் போய்விடும். வருமான வரிக் கணக்கு தாக்கலான சில மாதங்களில் ஒருமுறை உள்ளே சென்று, தொகைகள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சான்றிதழை அச்சிடும்போது, இணைப்புத் தாளுடன் அச்சிடும் வசதியும் உண்டு. வங்கிகள் கேட்பது அதைத்தான். தொழில் வகைகள், உற்பத்தி இடங்கள், வேலையாட்கள் எண்ணிக்கை ஆகியவற்றோடு உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தத் தாளில் இருக்கும் என்பதால், வாட்ஸாப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் அதை அனுப்பாமல், முதல் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள்.